யாரையும் குற்றம் சொல்லாத கூட்டம்

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கே ஒரு மைல் நடந்தால் அந்த ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலம்தான். மல்லியும் மிளகாயும் விளைந்த கரிசல் காடு, விதைக்க ஆளில்லாமல் நாலு வருசம் தரிசாகக் கிடந்ததும், கேட்காமலே வந்து குடியேறிவிட்டது கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதுதான் இப்போது ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு. மாசி பிறந்துவிட்டால் நாலு திசையிலும் புகை நிற்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது.

காளீஸ்வரனுக்கு இருபது வருசச் சென்னை வாசத்தில் மூக்கும் வெளியூர் மூக்காகிவிட்டது. மாடி அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு, லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்மா முத்துத்தாய்க்கு மதுரையில் முட்டு ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள். மனைவி அனுசியாவையும் மகளையும் சென்னையில் விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். பெரிய கம்பெனியில் நெட்வொர்க் பிரிவு மேனேஜர். ஊரில் அவனைப் பற்றிச் சொல்லும்போது, "அவுக சீட்டுல உக்காந்தா நாலு தேசத்துக்கு லைனு போகும்" என்பார்கள். அவனும் மறுத்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குள் அவன் ஒரு பெயரை எழுதி அனுப்பவேண்டும்.

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். அந்த வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். 'அளவைச் சரிசெய்கிறோம்' என்பார்கள். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று வருசத்துக்கு நாலு தடவை கேக் வெட்டுகிற கம்பெனி அது. ஒன்பது பேர் கொண்ட டீமில் ஒருவரைக் கழிக்கவேண்டும் என்று மேலிருந்து கணக்கு வந்துவிட்டது. எல்லோரும் நன்றாகவே வேலை செய்கிறார்களே என்று கேட்டால் பதில் கிடையாது. ஒன்பது பேரில் ஒருவர் கடைசியாக இருந்துதான் ஆகவேண்டுமாம். அந்த ஒருவர் அமுதவள்ளி என்று அவனுக்கு முன்பே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அமுதவள்ளி இதே ஊர்ப் பெண். கிழக்குத் தெரு சங்கரம்மாளின் ஒரே மகள். அவளுடைய பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து காளீஸ்வரன் வீட்டுக் காட்டில்தான் களை எடுத்தார்கள், கதிர் அறுத்தார்கள். தகப்பன் சீனிச்சாமி அவள் பத்தாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டான். சங்கரம்மாள் கரிமூட்டத்தில் வெந்து அவளை அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜில் படிக்க வைத்தாள். நாலு வருசத்துக்கு முன்னால் காளீஸ்வரன்தான் சொல்லிக் கம்பெனியில் சேர்த்துவிட்டான். அங்கே யாரையும் சார், மேடம் என்று கூப்பிடக்கூடாது. பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பது சட்டம். முதல் நாளே அவளிடமும் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு வருசத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு 'காளீஸ்' என்று வாய் வரவில்லை. ஆபீசில் அவனை எந்த விளியும் இல்லாமலே பேசிச் சமாளித்தாள். ஊருக்கு வந்தால் 'அண்ணே' என்பாள்.

அவள் பெயர் கடைசிக்குப் போனதற்குக் காரணம் மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த ஒரு காரியம். வங்கி ஒன்றுக்கு இவர்கள்தான் லைன் பார்த்துக்கொடுக்கிறார்கள். நாற்பது கிளைகளின் தடங்களும் ஒரே வயரில்தான் ஓடும். புதிதாக ஒரு கிளை திறந்தார்கள் என்றால், அந்த வயருக்கு இன்னொரு தடத்தை அனுமதிக்கச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை எழுதவேண்டும். அந்தக் கட்டளையில் 'இருப்பதோடு சேர்' என்பதற்கு ஒரு சின்னச் சொல் உண்டு. அதை விட்டுவிட்டால் மெஷின் வேறு மாதிரி புரிந்துகொள்ளும். இந்த ஒன்று போதும், பழைய நாற்பதும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒரு நொடியில் அறுத்துவிடும். அது ஏன் என்று கேட்காது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்கிற தப்பு அது. முதல் வருசத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்தாத சீனியர் கிடையாது. காளீஸ்வரனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

கட்டளையை எழுதியது அவன்தான். மேனேஜர் எழுதவேண்டிய அவசியமே இல்லை. மெஷினில் கைவைத்து ஆறு வருசம் ஆகிவிட்டது, கை இன்னும் மறக்கவில்லை என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ள ஓர் ஆசை. உட்கார்ந்து எழுதி, தானே சரிபார்த்து, தானே ஒப்புதலும் போட்டு அமுதவள்ளிக்கு அனுப்பினான். அவள் உடனே மெசேஜ் போட்டாள், 'இதில் சேர் என்ற சொல் வரவேண்டாமா?' என்று. அவன் அப்போது ஊழியர்களின் மனமகிழ்ச்சி பற்றிய ஒரு மீட்டிங்கில் இருந்தான். சரியாகப் படிக்காமலே 'எழுதியிருக்கிறபடி போடு' என்று பதில் அனுப்பினான். அவள் போட்டாள். நாற்பது கிளைகளும் நாற்பது நிமிசம் செத்துக் கிடந்தன.

அதற்கு மறுநாள் ஒரு கூட்டம். 'இங்கே யாரையும் குற்றம் சொல்வதில்லை, நடந்தது என்ன என்று மட்டும் பேசுவோம்' என்று ஆரம்பித்தார்கள். அந்தக் கம்பெனியில் அது ஒரு சடங்கு. தெரிந்தவர்கள் வழவழவென்று பேசிவிட்டுப் போவார்கள். அமுதவள்ளி அதை அப்படியே நம்பிவிட்டாள். "கட்டளையைப் போட்டது நான். சந்தேகம் வந்தும் நிறுத்தாமல் போட்டேன். அது என் தப்பு" என்றாள். கட்டளையை எழுதியது யார் என்று சொல்லவில்லை. காளீஸ்வரனின் மைக் அணைந்திருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. அவளுடைய நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள். ரிப்போர்ட்டில் அவள் பெயர் ஏறியது, கோப்பு மூடப்பட்டது.

பத்தரை மணிக்கு மேலதிகாரி நவநீதகிருஷ்ணன் போன் போட்டார்.

"காளீஸ், எல்லா டீமும் அனுப்பிட்டாங்க. உங்க பேர் மட்டும்தான் பாக்கி. இதில யோசிக்க என்ன இருக்கு? ரிப்போர்ட்டே இருக்கே."

"நவநீத், அந்தக் கட்டளை நான் எழுதினது."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு சந்தேகம் கேட்டுச்சு. நான்தான் அப்படியே போடச் சொன்னேன்."

"இது ரிப்போர்ட்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீங்க சொன்னது எனக்கும் கேக்கல. காளீஸ், நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு வயசு. ரெண்டு மாசத்தில வேற இடம் பாத்துக்கும். உங்களுக்கு நாப்பத்தி நாலு. மேனேஜரே தப்பா எழுதினார்னு வந்தா, கடைசிப் பேர் உங்க பேர்தான். வெளிய போய் என்ன சொல்லுவீங்க? கடைசியா ஒரு மெஷின்ல எப்ப கைவச்சீங்க? அதுவும் இந்த லட்சணத்தில முடிஞ்சிருக்கு."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் தலைக்கு மேலும் யாரோ ஒருவர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

போனை வைத்துவிட்டு காளீஸ்வரன் அப்படியே இருந்தான். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. இருபத்து நாலு வயதில் மெஷின்கள் அடுக்கிய ராக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வயரை எண்ணி எண்ணிச் சொருகியவன் அவன். லைன் அறுந்தால் இருட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கே அறுந்தது என்று சொல்லுவான். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தான். பெயர் எடுத்ததற்குப் பரிசாக வேலையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேனேஜர் ஆக்கினார்கள். அந்த உலகத்தில் உயர்வது என்றால் தெரிந்த தொழிலை விட்டு விலகிப் போவது. பிறகு கட்டம் கட்டமாக நிரப்பினான், அடுத்தவன் செய்த வேலைக்கு மார்க் போட்டான். இப்போது வெளியே தள்ளினால் பழைய தொழிலும் கையில் இல்லை. புதுத் தொழில் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மகள் பத்தாவது படிக்கிறாள். பயம் வந்துவிட்டது அவனுக்கு. சுத்தமான, மொட்டையான பயம்.

கீழே முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று இறங்கினான். சங்கரம்மாள் வந்திருந்தாள். வலது உள்ளங்கையில் துணிக்கட்டு. இடது கையில் ஒரு கட்டுப் பிரண்டை.

"உள்ள வந்து சேர்ல உக்காரேண்டி சங்கரம்மா" என்றாள் முத்துத்தாய், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. அவள் மகள் தன் மகனோடு சமமாக ஆபீசில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அம்மா இப்படிக் கூப்பிடுகிறாள். சங்கரம்மாளும் ஒவ்வொரு தடவையும் சரி சரி என்றுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வாள்.

"இருக்கட்டும் தாயி. மேலு பூராம் கரி. பிரண்ட பிஞ்சா ஒடிச்சாந்தேன். நெய்யில வதக்கித் தொவையலா அரச்சுச் சாப்பிடுங்க, எலும்பு கூடும். பாத்து, நாரு இருந்தா நாக்கு அரிக்கும்."

"கையில என்னடி?"

"மூட்டத்துல ஒரு ஓட்ட விழுந்துருச்சு தாயி. காத்து உள்ள போச்சுன்னா அம்புட்டும் சாம்பலாப் போகும்ல, மம்பட்டிய எடுக்க நேரமில்ல, கையிட்டே மண்ண அள்ளி அப்புனேன். பொசுக்குன்னு பிடிச்சிருச்சு."

"கிறுக்கச்சி. கை பெருசா, கரி பெருசா?"

"அன்னேரம் யாருக்கு யோசன வருது? அதுக்குத்தான் எம்மக ரெண்டு நாளு லீவு போட்டு ஓடியாந்துருக்கா. அவ அப்பன் சட்டைய மாட்டிக்கிட்டு, விடிஞ்சதுலருந்து மூட்டத்துல நிக்கிறா. போடி, நீ கம்ப்யூட்டரு தொடுற கைன்னா கேக்குறாளா?" காளீஸ்வரனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "தம்பி, சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேங்க்கா. நீங்க உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "தம்பி, ஒண்ணு கேக்கணும். அமுதா மொகமே சரியில்ல. மூணு வாரமா போன்லயும் ஆமா, இல்லம்பா, வச்சிருவா. அங்க ஆபீசுல என்னமும் சங்கடமா?"

காளீஸ்வரன் செம்பை வாயில் வைத்திருந்தான். குடித்து முடிக்கிறவரை பதில் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது.

"வேல கொஞ்சம் ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்லக்கா."

"அப்பச் சரி. நீங்க இருக்கீக, எனக்கு என்ன? எங்க சொந்தக்காரங்க கேப்பாக, பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா விட்டுருக்கியேன்னு. தனியா எங்க விட்டேன், எங்க தம்பி கண்ணுக்கு முன்னாலதான இருக்காம்பேன்."

முத்துத்தாய் பெருமையாக மகனைப் பார்த்தாள். அவன் செம்பை வைத்துவிட்டு, "மீட்டிங் இருக்கு" என்று மாடிக்கு ஏறினான்.

பதினொன்று ஐம்பதுக்கு, பெயர் அனுப்பவேண்டிய பக்கத்தை லேப்டாப்பில் திறந்தான். ஒன்பது பெயர் வரிசையாக இருந்தது. அவள் பெயருக்கு எதிரே கட்டத்தைத் தொட்டான். 'காரணம்' என்று கேட்டது. ரிப்போர்ட்டின் எண்ணைப் போட்டான். 'நிச்சயமாகத்தானே?' என்று இன்னொரு தடவை கேட்டது. அந்த மெஷினுக்கு இருந்த பொறுமைகூட அன்றைக்கு அவனுக்கு இல்லை. அழுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினான்.

மத்தியானம் அம்மா உட்கார்ந்தபடியே பிரண்டைத் துவையல் அரைத்து, குதிரைவாலிச் சோற்றில் பிசைந்து வைத்தாள். "நல்லாருக்கா?" என்றாள். நல்லாருக்கு என்றான். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. வெயிலுக்கு வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளினான்.

நாலு மணிக்கு லேப்டாப்பில் ஒரு வேலைச்சீட்டு வந்து விழுந்தது. 'கீழ்க்கண்ட ஊழியரின் எல்லா இணைப்புகளையும் உடனே துண்டிக்கவும்.' பெயர் அமுதவள்ளி. யாரைக் கழித்தாலும் அவர்களுடைய லைனை அறுப்பது நெட்வொர்க் டீமின் வேலைதான். இத்தனை வருசத்தில் அப்படி எத்தனையோ சீட்டுகள் வந்து, யாரோ ஒருவர் முடித்து, அவன் ஒப்புதல் போட்டிருக்கிறான். ஒரு பெயரையும் நின்று படித்ததில்லை. இதை டீமில் மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் தானே முடித்துவிடுவது மரியாதை என்று தோன்றியது. முடித்தான். இந்தத் தடவை கட்டளையில் ஒரு பிழையும் இல்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு காட்டுக்கு நடந்தான்.

மூட்டம் போட்டிருந்தது அவன் வீட்டுக் காட்டில்தான். கருவேலத்தை வெட்டிக்கொள்ள கமுதிப் பக்கத்து வியாபாரி ஒருத்தருக்கு விட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு விறகை நெட்டுக்குத்தாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மேலே ஈர மண்ணைப் பூசி, உள்ளே தீயை வைத்து மூடியிருந்தது. ஒரு வாரம் அது உள்ளுக்குள்ளேயே புழுங்கும். வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகிக்கொண்டிருந்தது. வெந்துவிட்டது என்று அர்த்தம். அமுதவள்ளி சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டி, வெடிப்பு விட்ட இடங்களில் மம்பட்டியால் மண்ணை அப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, அங்கிட்டு நில்லுங்க. புகை ஒங்களுக்கு ஒத்துக்கிறாது."

"போன் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. ஒரு மேடம் பேசுனாக. எட்டு நிமிசம். வீடியோவப் போடுங்கன்னாக. மூஞ்சி பூராம் கரியா இருக்கு மேடம், வேணாமேன்னேன். நீங்க எப்படி இருந்தாலும் அப்படியே ஏத்துக்கிற கம்பெனி இதுன்னாக. பெறகு வேல இல்லன்னு சொன்னாக."

அவள் சிரிக்க முயன்றாள். சரியாக வரவில்லை.

"சங்கரம்மாக்கா எங்க?"

"வாய்க்காலுக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கு. இன்னும் சொல்லல."

"அமுதா, அந்தக் கட்டளை..."

"ஒங்க மெசேஜ் எங்கிட்ட இருக்குண்ணே. 'எழுதியிருக்கிறபடி போடு'. போன்ல படம் பிடிச்சு வச்சிருக்கேன்."

காளீஸ்வரன் ஓரடி முன்னால் வந்தான். "பெறகு ஏன் அன்னைக்கு அதக் காட்டல?"

"காட்டியிருக்கலாம்." மம்பட்டியைத் தரையில் ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "யாரையும் குத்தம் சொல்லக்கூடாதுன்னாகள்ல, அதான் என் தப்ப மட்டும் சொன்னேன். ஒங்க தப்ப நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். நா பேசி முடிச்சிட்டு ஒங்க பேருக்குப் பக்கத்துல இருக்க மைக்கையே பாத்துக்கிட்டு இருந்தேன். மறுநா சொல்லுவீகன்னு பாத்தேன். இன்னைக்குக் காலையில வரைக்கும் பாத்தேண்ணே."

அவன் மூட்டத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்க முடியவில்லை. "இப்பக்கூட போன் போட்டுச் சொல்லுறேன். நா எழுதுனதுன்னு சொல்லுறேன்."

"என் பேரு போனது போனதுதான். இப்பச் சொன்னா ஒங்களுக்கும் இல்லாமப் போகும். பாப்பா பத்தாவது படிக்கிதுல்ல? வேணாம்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கு வேல போனதுகூட இல்லண்ணே. அந்த நாலு வருசத்துல நீங்க சொல்லிக் குடுத்த ஒவ்வொண்ணையும் வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். இதுவும் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்னு ஆகிப்போச்சேன்னுதான் இருக்கு."

அவன் பையிலிருந்த போனை எடுத்தான். நவநீதகிருஷ்ணனின் பெயர் மேலேயே இருந்தது. விரல் அதற்கு நேரே வந்து நின்றது. பிறகு போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கரம்மாள் தலையில் குடத்தோடு வந்தாள். இறக்கிவைத்துவிட்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, வெயில்ல இம்புட்டுத் தூரம்? என்னடி, என்னமும் சொன்னாகளா?"

"எம்மா, எனக்கு வேல போயிருச்சு" என்றாள் அமுதவள்ளி.

சங்கரம்மாள் குடத்துக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூட்டத்தில் எங்கோ ஒரு கட்டை உள்ளுக்குள் சரிந்தது. அவள் அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சட்டென்று ஏதோ நினைப்பு வந்தவளாக நிமிர்ந்தாள்.

"தம்பி, ஒங்க வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"

அதைத்தான் காளீஸ்வரனால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால், வைதிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நின்றிருப்பான். கண் கலங்கிவிட்டது.

"என் வேலைக்கு ஒண்ணும் இல்லக்கா. தப்பு என்னுது. ஒங்க மகளுது இல்ல. நா தப்பா எழுதுனேன், அது கேட்டுச்சு, நாந்தான் போடச் சொன்னேன். பழி அது மேல விழுந்துருச்சு. அது பேர எழுதிக் குடுத்ததும் நாந்தான்."

மூன்று வாரமாக உள்ளே கிடந்தது முழுவதும் வெளியே வந்துவிட்டது. கேட்கவேண்டியவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. சங்கரம்மாள் அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"ஐயய்யே, என்ன தம்பி நீங்க. ஆம்பள இப்படியா கண்ணு கலங்குவாக? நீங்க போயி தப்பா எழுதுவீகளா? எனக்குத் தெரியாதா ஒங்கள? சின்னப்பிள்ள, ஏதோ செஞ்சிருப்பா. அதுக்குப் போயி பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீகளே."

"இல்லக்கா, நெசமாத்தான்..."

"சும்மா இருங்க தம்பி." சங்கரம்மாள் கையை ஊன்றி எழுந்து மகள் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி? ஓம்மனசு நோகக்கூடாதுன்னு எப்படிப் பேசுறாக பாத்தியா? எந்த முதலாளி வீட்டுப் பிள்ள வந்து காட்டுல நின்னு இந்த வார்த்த சொல்லும்? மரம் மாதிரி நிக்கிறியே. கும்பிடுடி அவுகள."

அமுதவள்ளி மம்பட்டியைக் கீழே வைத்தாள். அப்பாவின் சட்டையில் இரண்டு கையையும் துடைத்தாள். கரி போகவில்லை. காளீஸ்வரன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவன் முகத்தை நேராகப் பார்த்து, கையைக் கூப்பிக் கும்பிட்டாள்.